ஹாலில் ஓடும் வைஃபை கடைசி அறையில் நின்றுபோகிறது, மெஷ் வாங்கினால் தீருமா?

கடைசி அறை

வணக்கம். நான் கணக்கு டீச்சர். தினமும் மாலை 6 முதல் 9 வரை வீட்டின் கடைசி அறையில் உட்கார்ந்து வீடியோ வழியாகப் பாடம் எடுக்கிறேன். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று ஒரு பிள்ளைக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போவேன். மூன்றாவது படியில் படம் அப்படியே நின்றுவிடும். இருபது வினாடி கழித்து அது திரும்பி வரும்போது, அந்தக் குழந்தை எதைக் கேட்டது, எதை விட்டுவிட்டது என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்குவேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் "கேட்கவில்லை மிஸ்" என்றுகூடச் சொல்வதில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

வீட்டு நிலவரம் இது. ஃபைபர் லைன் ஹாலுக்கு வருகிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்த வெள்ளைப் பெட்டி டிவி அலமாரிக்குள் இருக்கிறது, அதிலேயே வைஃபையும் உண்டு. போன வருடம் நாங்களாகவே தனியாக ஒரு ரௌட்டர் வாங்கி, அதன் பக்கத்திலேயே வைத்து, ஒரு கேபிளால் இரண்டையும் இணைத்தோம். ஆகவே இரண்டு பெயர்களில் வைஃபை வருகிறது. ரௌட்டரின் யுஎஸ்பி துளையில் ஒரு ஹார்டு டிஸ்க் செருகியிருக்கிறது. குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவில் இரண்டு சுவர். இரண்டாவது சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ நிற்கிறது.

எங்கள் இணைப்பு 200 எம்பிபிஎஸ். ரௌட்டரை அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். லேப்டாப்பிலிருந்து பிரிண்டரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, போனிலிருந்து மட்டும் பிரிண்ட் போகிறது. மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் மெஷ் செட் வாங்கலாமா, ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரௌட்டர் வாங்கலாமா? எது வாங்கினாலும் இந்த முறை தீர வேண்டும்.


செம்புக் கம்பி

டீச்சர், எதையும் இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்னதில் குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கும் என்று தோன்றுகிறது. மெஷ் வாங்கினால் அந்த மூன்றும் புதுப் பெட்டிகளோடு சேர்ந்து தொடரும்.

நான் பதினொரு வருடமாக நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். "வைஃபை சரியில்லை" என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் கோளாறு வைஃபையில் இருப்பதில்லை. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைன் ஒன்று, பெட்டிகளுக்கு நடுவில் ஓடும் கேபிள் ஒன்று, காற்றில் போகும் அலை ஒன்று. எது கெட்டிருக்கிறது என்று பிரித்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

லேப்டாப்பை ஒரு கேபிளால் நேராக வெள்ளைப் பெட்டியில் செருகி வேகம் பாருங்கள். அடுத்து அதே கேபிளை உங்கள் ரௌட்டரில் செருகிப் பாருங்கள். பிறகு கேபிளை எடுத்துவிட்டு, ரௌட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு தடவை, 2.4-இல் ஒரு தடவை. கடைசியாக உங்கள் அறையில் இரண்டிலும். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் அளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, மைனஸ் இத்தனை டிபிஎம் என்று வரும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அது பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம்.

ஆனால் உங்கள் பாடத்துக்கு வேகத்தைவிடத் தாமதம்தான் முக்கியம். ஒரு வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். படம் நிற்பது, பாக்கெட்டுகள் எனும் தரவுத் துண்டுகள் நேரத்துக்கு வந்து சேராததால். பாடம் நடக்கும்போதே லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் விடாமல் பிங் ஓட விடுங்கள். ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவதுதான் பிங். படம் நிற்கிற அந்தக் கணத்தில் ரௌட்டருக்கான பிங்கே 2, 3 மில்லி வினாடியிலிருந்து 300, 400 என்று எகிறினால், கோளாறு வீட்டுக்குள்ளே இருக்கும் காற்றில். ரௌட்டர் பிங் அசையாமல் நிற்க, 8.8.8.8 மட்டும் துள்ளினால் வெளி லைன்.

இன்னொரு விஷயம். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் (வெளிப்பக்க இணைப்பு) அல்லது இன்டர்நெட் என்ற தலைப்பில் ஓர் ஐபி முகவரி இருக்கும். அது 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்குகிறதா என்று பாருங்கள். பிரிண்டர் காணாமல் போனதற்கு விடை அங்கே இருக்கும்.


மூன்றாம் மாடி

மாலையில் மட்டும் மோசம் என்றால், அலைவரிசைக்குள் உங்கள் வைஃபை பிடித்திருக்கும் பாதையான சேனலையும் பாருங்கள் டீச்சர். நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், ஒரு நாள் ஸ்கேன் செய்தபோது 2.4-இல் 31 நெட்வொர்க் வந்தது. எல்லோரும் 1, 6, 11-இல் குவிந்திருக்க, 3 காலியாக இருக்கிறதே என்று அதில் வைத்தேன். இன்னும் கெட்டுப்போனது. சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும் இடம் 20 மெகாஹெர்ட்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான். ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். 3-இல் இருக்கிற எனக்கோ 1-இல் பேசுவதும் 6-இல் பேசுவதும் வெறும் இரைச்சல்.

6-க்குப் போய், அகலத்தை 40-இலிருந்து 20 ஆக்கினேன். அதிகபட்ச வேகம் குறைந்தது, ஆனால் அறுந்து போவது நின்றது.

ரிப்பீட்டர் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் வகை என்றால், வேகம் பாதியாகிவிடும்.


கடைசி அறை

இரண்டு மாலை எடுத்து எல்லாவற்றையும் செய்தோம். என் கணவர் அளக்க, நான் நோட்டில் எழுதினேன்.

வெள்ளைப் பெட்டியில் கேபிள் போட்டால் 196. ரௌட்டரில் அதே கேபிள் போட்டால் 94, மூன்று முறையும் 94 தான். இரண்டு மீட்டர் தள்ளி 5 கிகாஹெர்ட்ஸில் 91, அங்கே சிக்னல் மைனஸ் 41. அதே இடத்தில் 2.4-இல் வெறும் 11, சிக்னல் மைனஸ் 38. என் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 81, இணைப்பு நிற்கவே இல்லை. 2.4-இல் மைனஸ் 68, வேகம் 6.

செவ்வாய்க்கிழமை பாடத்தின்போது நான்கு முறை படம் நின்றது. நான்கு முறையும் ரௌட்டர் பிங்கே 500-ஐத் தாண்டியது, ஒரு தடவை பதிலே வரவில்லை. கேபிளில் வைத்துப் பார்த்தபோது ரௌட்டர் 1, 8.8.8.8 சுமார் 9, அசையவில்லை.

ரௌட்டரின் வேன் முகவரி 192.168.1.7 என்று இருக்கிறது. ரௌட்டருடைய சொந்த முகவரி 192.168.0.1. சேனல் தானியங்கியில் இருந்தது, அன்று 4 காட்டியது.

2.4-இல் சிக்னல் இவ்வளவு பலமாக இருந்தும் ஏன் 11? எனக்குப் புரியாதது அதுதான்.


செம்புக் கம்பி

இவ்வளவு சுத்தமாக எழுதிய குறிப்பை நான் பார்த்ததில்லை டீச்சர். இதிலேயே எல்லா விடையும் இருக்கிறது. லைன் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

முதலில் அந்த 94. இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் ஒன்றுதான் பொருள்: நடுவில் ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. பாக்கெட்டின் உறைகளுக்கு ஆகும் இடம் போக மிஞ்சுவது 94 சொச்சம், அதனால்தான் மூன்று முறையும் நகரவில்லை. 100-க்கு கேபிளுக்குள் இருக்கும் 4 கம்பி போதும். கிகாபிட் ஓட 8 கம்பியும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலோ முனையில் சரியாகத் தொடாவிட்டாலோ, இரு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் லேப்டாப்புக்குப் பயன்படுத்திய கேபிள் வெள்ளைப் பெட்டியில் 196 காட்டியது, ஆகவே அது நல்ல கேபிள். அதையே இரு பெட்டிகளுக்கும் நடுவில் போட்டு, வைஃபையில் பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள். 94-ஐத் தாண்டினால் பழைய கேபிள்தான் காரணம். தாண்டாவிட்டால் ரௌட்டரின் துளைகளே 100-க்கானவையாக இருக்கலாம், அதன் அட்டைப்பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட 11. சிக்னல் மைனஸ் 38 என்றால் குரல் சத்தமாகக் கேட்கிறது என்று அர்த்தம். அப்படியும் வேகம் வரவில்லை என்றால் அறையில் வேறு யாரோ கத்துகிறார்கள். சேனல் 4 ஒரு காரணம், மூன்றாம் மாடி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது மட்டும் இவ்வளவு கெடுக்காது. நான் சந்தேகப்படுவது அந்த ஹார்டு டிஸ்க்கை.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆறு வருடம் முன்பு என் சொந்த வீட்டில் இதே மாதிரி 2.4 செத்துப் போனது. சேனல் மாற்றினேன், ரௌட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் மாற்றினேன், கடைசியில் ரௌட்டரையே மாற்றினேன். மூன்று வாரம். ஒரு நாள் மேஜையில் அதே டிஸ்க்கை லேப்டாப்பில் செருகிப் படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் துளையில் ரிசீவர் வைத்த வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போனது. நகலெடுப்பது முடிந்ததும் மவுஸ் சரியாகிவிட்டது. மவுஸும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே. யுஎஸ்பி 3.0 தரவை அனுப்பும் வேகத்தில் அதன் கேபிளும் இணைப்பு முனையும் சரியாக அந்த அலைவரிசை வழியே இரைச்சலைக் கசிய விடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸைத் தொடாது, 2.4-ஐத்தான் தின்னும். உங்கள் 91-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் அதோடு பொருந்துகிறது. மாலையில் எல்லோருடைய போனிலிருந்தும் படங்கள் அந்த டிஸ்க்குக்குப் போகின்றனவா?

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். உண்மையென்றால் டிஸ்க்கைத் தூக்கிப்போட வேண்டாம். பல ரௌட்டர்களில் அந்தத் துளையை யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறக்கும் செட்டிங் இருக்கிறது. படம் சேமிக்க அந்த வேகம் போதும்.

மூன்றாவது, பிரிண்டர். வேன் முகவரி 192.168.1.7 என்பதன் பொருள், உங்கள் வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்று நின்று, இரண்டு தனி வீடுகளை உண்டாக்கியிருக்கின்றன. பிரிண்டரும் போனும் வெள்ளைப் பெட்டியின் வீட்டில். லேப்டாப் உள் வீட்டில். "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா" என்று லேப்டாப் போடும் சத்தம் ரௌட்டர் வாசலைத் தாண்டி வெளியே போகாது. இதை டபுள் நேட் என்பார்கள்.

ஆகவே என் யோசனை இது. உங்களிடம் ஏற்கெனவே வைஃபை பெட்டிகள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றன. வெள்ளைப் பெட்டி ஹாலிலேயே இருக்கட்டும், அலமாரியை விட்டு வெளியே மட்டும் எடுத்து வையுங்கள். அங்கிருந்து உங்கள் அறைக்கு ஒரு நீளக் கேபிள் போட்டு, அதன் முனையில் உங்கள் ரௌட்டரை வையுங்கள். 100 மீட்டர் வரை இந்தக் கேபிள் தாங்கும், உங்கள் வீட்டுக்கு இருபது போதும். உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்க வேண்டும், சுவரில் பதிக்கிறீர்கள் என்றால் முழுச் செம்புக் கம்பியாகப் பாருங்கள். வாங்க வேண்டியது இது ஒன்றுதான்.

ரௌட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அப்போது முகவரி கொடுக்கும் வேலையை வெள்ளைப் பெட்டி மட்டும் பார்க்கும், எல்லாச் சாதனங்களும் ஒரே வீட்டுக்கு வந்துவிடும். அந்த மோடு இல்லாவிட்டால் ரௌட்டரில் முகவரி கொடுக்கும் வசதியான டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, அதன் முகவரியை 192.168.1.250 போல ஒன்றாக மாற்றி, கேபிளை வேன் துளையில் அல்லாமல் லேன் (உள்பக்க) துளையில் செருகுங்கள். வெள்ளைப் பெட்டி முகவரி கொடுக்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால் 250-ஐ வேறு யாருக்கும் கொடுக்காது. அந்த முகவரியைக் காகிதத்தில் எழுதி ரௌட்டரின் அடியில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க முடியாமல் தேடுவீர்கள்.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை. சேனல் மட்டும் வேறு வேறு, 2.4-இல் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 11. 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36, மற்றதுக்கு உங்கள் ரௌட்டர் அனுமதித்தால் 149. 52 முதல் 144 வரை உள்ளவற்றைப் பாடம் நடக்கும் அறையில் வைக்க வேண்டாம். அவற்றை ரேடார்களும் பயன்படுத்துகின்றன, ரேடாரின் அலை தென்பட்டால் ரௌட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். பாடத்தின் நடுவில் அது நடந்தால் நீங்கள் மறுபடி முதல் படிக்குப் போக வேண்டும்.


பழைய ரேடியோ

செம்புக் கம்பி தம்பி சொன்ன வழியே சரியான வழி. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வானொலிக் கருவிகளோடு இருந்தவன், அதனால் அலை பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு என்று டீச்சருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. உங்கள் குறிப்பில் ஹாலில் மைனஸ் 41, அறையில் மைனஸ் 81. வித்தியாசம் 40. பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் மேஜைக்கு வந்து சேர்கிறது. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. ஆறு ஆன்டெனா ரௌட்டர் வாங்கியிருந்தாலும் இந்தப் பள்ளத்தை மூடியிருக்காது. ரௌட்டர் சத்தமாகப் பேசினாலும் லேப்டாப்பின் சின்னக் குரல் திரும்பி ஹாலுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

அந்த இரும்பு பீரோவைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பீர்கள். இரும்புத் தகடு அலையை உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ரௌட்டர் உங்கள் அறைக்குள்ளேயே வந்துவிட்டால் அதே பீரோ நன்மை செய்யும், இரு பெட்டிகளின் அலைகள் கலக்காமல் நடுவில் நிற்கும். நகர்த்த வேண்டாம்.

அறையில் ரௌட்டரைத் தரையில் வைக்காதீர்கள், அலமாரியின் மேல் தட்டில் திறந்தபடி இருக்கட்டும். ஆன்டெனாக்களைச் செங்குத்தாக நிறுத்துங்கள். குச்சி போன்ற ஆன்டெனா தன் நுனி நோக்கி அலையை அனுப்புவதில்லை, பக்கவாட்டில் வளையமாகப் பரப்புகிறது. லேப்டாப்பை நோக்கிச் சுட்டிக்காட்டினால் பலவீனமான முனையைத்தான் அதற்குக் காட்டுகிறீர்கள்.

வெள்ளைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஃபைபர் நூலில் கவனம். அதற்குள் இருப்பது கண்ணாடி. மிச்ச நீளத்தைச் சுருட்டினால் கைமுட்டியைவிடச் சின்ன வளையம் ஆகக் கூடாது, மடித்து டேப் ஒட்டவே கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

அப்புறம், இரவு 8 மணிக்கு ரௌட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். மூடிய அலமாரிக்குள் ஒரு வருடம் இருந்திருக்கிறது. ரௌட்டர் தானாகவே அணைந்து எழுவதாகத் தெரிந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் வெப்பத்தில் காய்ந்துவிட்டால், சும்மா அளக்கும்போது 12 வோல்ட் சரியாகக் காட்டும், வேலை கூடும்போது சரியும். மாற்றினால் வோல்ட் அதேயாக, ஆம்பியர் அதே அல்லது கூடுதலாக, பின்னின் துருவம் அதேயாக இருக்க வேண்டும்.


இரவுப் பணி

டீச்சர், எல்லாவற்றையும் கழற்றி மாட்டப் போகிறீர்கள் என்பதால் பாதுகாப்பையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். என் தம்பி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும் கொஞ்சம் வித்தியாசமான பக்கம் வந்தது. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டியது. அவன் நல்ல வேளையாக அங்கேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். லேப்டாப்பில் வைரஸ் என்று இரண்டு நாள் தேடினோம். போனிலும் அதே பக்கம் வந்தபோதுதான் ரௌட்டரைத் திறந்தேன். இணையப் பெயர்களுக்கு முகவரி எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் இடத்தில் நாங்கள் போடாத எண் இருந்தது. ரௌட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டு வந்ததே அப்படியே இருந்தது. வெளியிலிருந்து செட்டிங்ஸைத் திறக்கும் வசதியும் திறந்திருந்தது. அவன் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். இரண்டும் வேறு வேறு பூட்டுகள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்ததும், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை வரிசையாக முயன்றுதான்.

அவன் ரௌட்டரைப் பின்துளையில் பத்து வினாடிக்கு மேல் குச்சியால் அழுத்தி ரீசெட் செய்தோம். முதலில் ஃபர்ம்வேர் அப்டேட், பிறகு புது நிர்வாகப் பாஸ்வேர்டு, பிறகு வெளி நிர்வாகம் நிறுத்தம், அதன் பிறகே இணையம் திறந்தோம். வைஃபை பாஸ்வேர்டு தட்டாமலே சாதனங்களை இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள். அதன் ரகசிய எண் (PIN) எட்டு இலக்கம் என்றாலும், ரௌட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: வைஃபையின் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் உங்கள் பிரிண்டர் மறுபடி காணாமல் போகலாம், பழைய பிரிண்டர்களுக்கு டபிள்யூபிஏ2 தான் தெரியும். இரண்டும் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் சொல்லவும் எளிது, ஊகிக்கவும் கடினம்.

ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் வைத்திருக்கிறேன். அன்றைக்கே செட்டிங்ஸ் கோப்பையும் நகலெடுத்து வைப்பேன். தயாரிப்பாளர் அப்டேட் விடுவதை நிறுத்திவிட்ட ரௌட்டர், எவ்வளவு நன்றாக ஓடினாலும், வாசலில் நிற்கத் தகுதியில்லாதது.


கடைசி அறை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வேலைதான்.

டிஸ்க்கைக் கழற்றியதும் 2.4 பக்கத்தில் 11-இலிருந்து 54-க்குப் போனது. செருகினோம், படம் நகலெடுத்தோம், மறுபடி விழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், என் கணவருக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆமாம், எங்கள் எல்லாருடைய போனும் மாலை 7 மணிக்கு அதில்தான் படம் ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது யுஎஸ்பி 2.0-க்கு இறக்கிவிட்டோம். 94-க்குக் காரணம் பழைய கேபிளேதான். முனையைப் பார்த்தால் பழுப்புக் கம்பி உள்ளே எட்டவில்லை.

22 மீட்டர் கேபிள் கதவுச் சட்டங்களின் மேலாக ஓடி என் அறைக்கு வந்துவிட்டது. ரௌட்டர் புத்தக அலமாரியின் மேல் தட்டில். அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 43, வேகம் 188. பிரிண்டர் லேப்டாப்பில் தானாகவே வந்து நின்றது. இரண்டு பெட்டியிலும் நிர்வாகப் பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது. வெள்ளைப் பெட்டியில் அச்சிட்டு வந்ததுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

ஹாலிலிருந்து போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தால், அது பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாறுகிறது. அதோடு, திங்கள் மாலை பாடத்தில் ஒரே ஒரு முறை குரல் இழுத்தது. அந்த நேரத்தில் என் மகள் ஒரு பெரிய வீடியோவை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ரௌட்டர் பிங் 2 தான், 8.8.8.8 மட்டும் 9-இலிருந்து 260-க்குப் போனது.


செம்புக் கம்பி

எப்போது பெட்டி மாறுவது என்று முடிவு செய்வது போன்தான், ரௌட்டர் அல்ல. ஹால் பெட்டியின் 2.4 சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்துவிடுங்கள். அதன் குரல் உங்கள் அறையில் மங்கினால் போன் தானாகவே இந்தப் பக்கம் வரும்.

குரல் இழுத்தது வேறு விஷயம். ஏற்றும் பாதை நிரம்பியதும் வெள்ளைப் பெட்டி பாக்கெட்டுகளை நீண்ட வரிசையில் நிறுத்துகிறது, உங்கள் குரலும் அந்த வீடியோவின் பின்னால் வரிசையில் நிற்கிறது. பஃபர்ப்ளோட் என்று பெயர். வெள்ளைப் பெட்டியில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் அல்லது கியூஓஎஸ் என்று ஏதாவது இருந்தால், ஏற்றும் வேகத்தை நீங்கள் அளந்ததில் 90 சதவீதமாகக் கட்டிப்போடுங்கள். வரிசை வெளியே சேராமல் உள்ளேயே ஒழுங்காகும். அப்படி ஒரு செட்டிங் இல்லாவிட்டால் மகளிடம் 9 மணிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய கேபிளை என்ன செய்தீர்கள்?


கடைசி அறை

கியூஓஎஸ் இருக்கிறது, 90-இல் வைத்தேன். மகளை வேண்டுமென்றே ஏற்றச் சொல்லிப் பார்த்தோம், பிங் 20-ஐத் தாண்டவில்லை. நேற்று அந்தப் பின்னப் பாடம் ஐந்து படியும் நிற்காமல் போனது. மூன்றாவது படியில் அந்தப் பிள்ளை "மிஸ், பகுதியை ஏன் சமமாக்க வேண்டும்?" என்று முதல் முறையாகக் கேள்வி கேட்டது.

கேபிள் ஒயர் டப்பாவில் இருக்கிறது.


செம்புக் கம்பி

இன்றைக்கே நடுவில் வெட்டிவிடுங்கள் டீச்சர். ஆறு மாதம் கழித்து யாராவது டப்பாவைத் திறந்து அதையே எடுப்பார்கள்.